பணப்பெட்டியிலிருந்து கைப்பேசிக்கு: பெங்களூருவில் குற்றங்கள் இடம்பெயர்வது ஏன்? தற்காத்துக்கொள்வது எப்படி?

பெங்களூரு: 2013-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி காலை, பெங்களூரு கார்ப்பரேஷன் சர்க்கிள் பகுதியில் உள்ள ஏ.டி.எம். மையத்தில் பணம் எடுக்கச் சென்ற வங்கி ஊழியரான பெண் ஒருவரைப் பின்தொடர்ந்து மர்ம நபர் ஒருவர் உள்ளே நுழைந்தார். ஷட்டரை இறக்கிவிட்டு, பணம் எடுத்துத் தருமாறு மிரட்டிய அவர், அந்தப் பெண்ணை அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்பினார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சிகள் நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தின. படுகாயமடைந்த பெண் உயிர் பிழைத்தார். குற்றவாளி ஆந்திரப் பிரதேச மாநிலம் மதனப்பள்ளியில் பிடிபட்டது 2017-ஆம் ஆண்டில்தான்.

சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 19 அன்று அதே நகரில் மற்றொரு கொள்ளை நடைபெற்றது. ஏ.டி.எம். இயந்திரங்களில் நிரப்புவதற்காகப் பணம் எடுத்துச் சென்ற வேனை, ஜெயநகர் அசோகா பில்லர் அருகே ஒரு கும்பல் மறித்தது. தங்களை ரிசர்வ் வங்கி அதிகாரிகள் எனக் கூறிக்கொண்ட அந்தக் கும்பல், 7.11 கோடி ரூபாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தப்பியது. சில நாட்களிலேயே பலர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் காவலர் ஒருவரும், பணப் போக்குவரத்து நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரும் இருந்தனர்.

இந்த இரு சம்பவங்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முதல் கொள்ளையில் பயன்பட்டது அரிவாள். இரண்டாவதில் பயன்பட்டது 'அதிகாரி' என்ற பொய்யான அடையாளம். பெங்களூருவில் கடந்த பத்தாண்டுகளில் குற்றங்கள் எந்தத் திசையில் நகர்ந்துள்ளன என்பதை இந்த வேறுபாடு சுட்டிக்காட்டுகிறது. பணம் தெருவிலிருந்து கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தபோது குற்றமும் அதன் பின்னாலேயே சென்றது. இந்த மாற்றத்துக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பு என்ன, சாதாரணக் குடும்பங்கள் தங்கள் பணத்தையும் உயிரையும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வறுமைதான் குற்றத்துக்குக் காரணமா?

வேலையின்மையும் விலைவாசியும் உயர்ந்தால் திருட்டும் கொள்ளையும் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அனுபவம் அவ்வளவு நேரானதாக இல்லை. 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். எனினும் அங்கு குற்றங்களின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தே வந்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கால் பொருளாதாரம் முடங்கியது. அந்த ஆண்டு திருட்டு, வழிப்பறி ஆகிய வழக்குகள் குறைந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை காட்டுகிறது. வீடுகளில் ஆட்கள் இருந்தனர், தெருக்களில் ஆட்கள் இல்லை என்பதே அதற்குக் காரணம். அதே ஆண்டில் இணையவழிக் குற்ற வழக்குகள் 44,735-இலிருந்து 50,035 ஆக உயர்ந்தன.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு கோட்பாடுகள் உதவுகின்றன. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், குற்றம் செய்பவரும் ஒருவகையில் லாப நட்டக் கணக்குப் போடுகிறார் என்று வாதிட்டார். கிடைக்கக்கூடிய பணம் எவ்வளவு, பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு, பிடிபட்டால் தண்டனை எவ்வளவு, நேர்மையான வேலையில் கிடைக்கும் வருமானம் எவ்வளவு என்பவையே அந்தக் கணக்கின் உறுப்புகள். பெக்கருக்கு 1992-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் மற்றொரு விளக்கத்தை முன்வைத்தனர். குற்றம் செய்யத் துணிந்த ஒருவர், கவர்ச்சியான இலக்கு, அதைக் காக்க எவரும் இல்லாத சூழல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் குற்றம் நிகழ்கிறது என்பது அவர்களது கருத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் செழிப்பு பெருகிய காலத்தில்தான் வீடு புகுந்து திருடும் குற்றங்களும் பெருகின. குடும்பத்தில் அனைவரும் வேலைக்குச் சென்றதால் வீடுகள் பகலில் பூட்டிக் கிடந்தன. விலையுயர்ந்த பொருட்கள் எளிதில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறிதாகின. செழிப்பே இலக்குகளை உருவாக்கியது.

இந்த விளக்கம் பெங்களூருவுக்குப் பெரிதும் பொருந்துகிறது. கர்நாடக மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெங்களூரு நகர மாவட்டத்திலிருந்து வருகிறது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள், வெளிமாநிலங்களிலிருந்து வந்து தனியே தங்கியிருக்கும் இளைஞர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஓய்வூதியத்துடன் வாழும் முதியோர் எனப் பலர் இங்கு வசிக்கின்றனர். இவர்களிடம் சேமிப்பு இருக்கிறது. ஆனால் சந்தேகம் எழும்போது உடனே கேட்டுத் தெளிய, பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

வளர்ச்சி புதிய ஆபத்தைக் கொண்டுவருவது இந்நகருக்குப் புதிதன்று. 2005 டிசம்பரில், இரவுப் பணிக்கு அழைத்துச் செல்ல வந்த ஓட்டுநர் போல நடித்த ஒருவரால் கால் சென்டர் ஊழியரான இளம்பெண் கொல்லப்பட்டார். அதன் பிறகே இரவுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கான வாகனப் பாதுகாப்பு தொடர்பான விதிமுறைகள் தீவிரம் பெற்றன. புதிய தொழில் முதலில் வந்தது. அதற்கேற்ற பாதுகாப்பு, ஓர் உயிரிழப்புக்குப் பிறகே வந்தது.

புள்ளிவிவரங்கள் சொல்வதும் சொல்லாததும்

2025 செப்டம்பர் இறுதியில் வெளியான தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாடு முழுவதும் 86,420 இணையவழிக் குற்ற வழக்குகள் பதிவாகின. இது 2022-ஆம் ஆண்டின் 65,893 வழக்குகளைக் காட்டிலும் 31.2 சதவீதம் அதிகம். இவற்றில் பெங்களூருவில் மட்டும் 17,631 வழக்குகள். முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 9,940 ஆக இருந்தது. அதாவது, நாட்டில் பதிவான ஐந்து இணையக் குற்ற வழக்குகளில் ஒன்று பெங்களூருவைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரே நகரில் பதிவாகியுள்ளது.

எனினும் இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, இவை பதிவான வழக்குகளின் எண்ணிக்கையே தவிர, நிகழ்ந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. நாட்டின் முதல் இணையக் குற்றக் காவல் நிலையம் 2001-இல் பெங்களூருவில்தான் தொடங்கப்பட்டது. தற்போது நகரின் ஒவ்வொரு காவல் மண்டலத்திலும் இணையம், பொருளாதாரம், போதைப்பொருள் ஆகிய குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் உள்ளது. புகார்கள் வழக்குகளாகப் பதிவாகும் இடத்தில் எண்ணிக்கை உயர்ந்தே காணப்படும். புகாரை ஏற்காத நகரம் காகிதத்தில் பாதுகாப்பானதாகத் தோன்றும்.

இரண்டாவது, லட்சம் பேருக்கு எத்தனை குற்றங்கள் என்ற விகிதம் பெருநகரங்களுக்கு இன்னமும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. அப்போது பெங்களூருவின் மக்கள்தொகை சுமார் 85 லட்சம். அதன் பின் நகரம் பெருமளவு விரிந்துவிட்டதால், அறிக்கையில் காணப்படும் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகவே தெரியும்.

ஆனால் இழப்பின் அளவைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இணைய மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 22,845.73 கோடி ரூபாய் என மத்திய அரசு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023-இல் இத்தொகை 7,465.18 கோடி ரூபாயாக இருந்தது. ஓராண்டில் மூன்று மடங்கு உயர்வு இது.

அச்சமும் ஆசையும் தேவையும்

மோசடிகளின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், அவை பயன்படுத்தும் மனநிலைகள் மூன்றுதான்: அச்சம், ஆசை, தேவை. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளாதார நிலையில் உள்ளவர்களைக் குறிவைக்கின்றன.

அச்சம், சேமிப்பு உள்ளவர்களைக் குறிவைக்கிறது. 'டிஜிட்டல் கைது' என அறியப்படும் மோசடியில், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதார் எண் பணமோசடி வழக்கில் சிக்கியுள்ளது எனக் கூறி, போலீஸ் சீருடை அணிந்தவர்கள் வீடியோ அழைப்பில் மிரட்டுகின்றனர். யாரிடமும் பேசக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பதே அவர்களின் முதல் கட்டளை. கோஹன், ஃபெல்சன் கூறிய மூன்றாவது நிபந்தனையான காப்பவர் இல்லாத நிலையைக் குற்றவாளிகள் இவ்வாறு செயற்கையாக உருவாக்குகின்றனர். பெங்களூருவைச் சேர்ந்த மென்பொருள் துறைப் பெண் ஒருவர் இவ்வகை மோசடியில் 187 பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ 32 கோடி ரூபாயை இழந்த வழக்கு 2025 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. படிப்பும் பதவியும் இத்தகைய மோசடியிலிருந்து காப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற நடைமுறையே இல்லை. பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் இதுகுறித்து எச்சரித்தார். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, 2025 டிசம்பர் 1 அன்று நாடு தழுவிய விசாரணையை மத்தியப் புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

ஆசை, பணவீக்கத்தால் சேமிப்பின் மதிப்பு குறைவதைக் கண்டு கவலைப்படும் நடுத்தர வர்க்கத்தைக் குறிவைக்கிறது. பெங்களூரு சிவாஜிநகரை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூன் மாதம் முடங்கியபோது, பல்லாயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் புகார் அளிக்க வரிசையில் நின்றனர். சுமார் 4,000 கோடி ரூபாய் அளவிலான மோசடி எனக் கூறப்படும் அவ்வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. அன்று முதலீட்டாளர்கள் அலுவலகத்துக்கு நேரில் சென்று பணம் கட்டினர். இன்று அதே ஆசையைப் போலிப் பங்குச்சந்தைச் செயலிகளும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களும் விற்கின்றன. தொடக்கத்தில் சிறு லாபத்தைத் திரும்பக் கொடுத்து நம்பிக்கையை ஏற்படுத்துவதும், பெருந்தொகை சேர்ந்த பின் பணத்தை எடுக்க 'வரி' கேட்பதும் இவற்றின் பொதுவான வழிமுறை.

தேவை, வேலை தேடுவோரையும் வீடு தேடுவோரையும் கடன் தேடுவோரையும் குறிவைக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் போன்ற விளம்பரங்கள் வேலை இழந்தவர்களையும் மாணவர்களையும் இழுக்கின்றன. உடனடிக் கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கைப்பற்றி, பின்னர் மிரட்டுகின்றன. பெங்களூரு காவல்துறை பதிவு செய்த இத்தகைய வழக்குகளின் அடிப்படையில் அமலாக்கத் துறை 2022 செப்டம்பரில் நகரின் பல இடங்களில் சோதனை நடத்தியது.

வீட்டு வாடகை உயர்வு, மற்றொரு மோசடிக்கு வழிவகுத்துள்ளது. தமிழகத்தில் 'ஒத்தி' எனப்படும் முறை பெங்களூருவில் 'லீஸ்' என்ற பெயரில் பரவலாக உள்ளது. மாத வாடகை இன்றி, பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறி, வீட்டைக் காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவதே இம்முறை. இடைத்தரகர்கள் வீட்டு உரிமையாளரிடம் மாத வாடகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, குடியிருப்பவரிடம் லீஸ் தொகையாகப் பெற்றுத் தலைமறைவாகும் வழக்குகள் நகரில் பதிவாகியுள்ளன. வாடகை வராத உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போதுதான், தன் வாழ்நாள் சேமிப்பு போய்விட்டதைக் குடியிருப்பவர் அறிகிறார்.

பறிபோகும் பணம் எங்கே செல்கிறது?

மோசடிக்காரரின் சொந்தக் கணக்குக்குப் பணம் ஒருபோதும் நேரடியாகச் செல்வதில்லை. முதலில் அது வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிக்கப்பட்டு, அவற்றிலிருந்து மேலும் பல கணக்குகளுக்கு மாற்றப்படுகிறது. இறுதியில் ஏ.டி.எம். வழியாக ரொக்கமாகவோ, கிரிப்டோ நாணயமாகவோ மாறி நாட்டை விட்டு வெளியேறுகிறது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் பெரும்பாலும் இருப்பவர்கள் ஏழைகளும் மாணவர்களும்தான். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் பிறரிடம் ஒப்படைக்கின்றனர். காவல்துறை முதலில் வந்து கதவைத் தட்டுவது அவர்களின் வீட்டைத்தான். இத்தகைய கணக்குகளைச் செயற்கை நுண்ணறிவு மூலம் கண்டறியும் 'மியூல்ஹன்டர்' என்ற தொழில்நுட்பத்தை, பெங்களூருவில் இயங்கும் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியுள்ளது.

சங்கிலியின் மறுமுனையிலும் வேலையின்மையே நிற்கிறது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் பலர், மியான்மர் எல்லையில் உள்ள மோசடி மையங்களில் அடைத்துவைக்கப்பட்டு, சொந்த நாட்டு மக்களையே ஏமாற்றக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்கள் மூலம் மீட்டு வரப்பட்டனர். அழைப்பின் மறுமுனையில் மிரட்டும் குரலும் சில நேரங்களில் மிரட்டப்பட்ட ஒருவரின் குரலாக இருக்கலாம்.

தெருவில் உள்ள ஆபத்து ஓயவில்லை

இணையக் குற்றம் பெருகியதால் தெருக் குற்றம் மறைந்துவிடவில்லை. இங்கும் சந்தை விலையே இலக்கைத் தீர்மானிக்கிறது. 2025 ஏப்ரலில் 10 கிராம் தங்கத்தின் விலை முதன்முறையாக ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. கழுத்தில் உள்ள சங்கிலியின் எடை மாறவில்லை. ஆனால் அதைப் பறிப்பவருக்குக் கிடைக்கும் தொகை சில ஆண்டுகளில் பன்மடங்காகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 304-ஆவது பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாக வரையறுத்து, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்கிறது.

கைப்பேசி இன்று தங்கத்தைவிடவும் மதிப்புள்ள இலக்கு. அதற்குள் யு.பி.ஐ., வங்கிச் செயலி, ஆதார் எனக் குடும்பத்தின் நிதி வாழ்க்கை முழுவதும் அடங்கியுள்ளது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் தொலையும் ஒரு கைப்பேசி, ஒரு பொருளின் இழப்போடு முடிவதில்லை. அது வங்கிக் கணக்கின் சாவியும் ஆகும்.

நிர்பயா நிதியின் கீழ் பாதுகாப்பான நகரத் திட்டம் செயல்படுத்தப்படும் எட்டு நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. 667 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்தில் ஆயிரக்கணக்கான கேமராக்களும், பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையுடன் பேசக்கூடிய 'பாதுகாப்புத் தீவு' எனப்படும் அவசர உதவிக் கம்பங்களும் நிறுவப்பட்டுள்ளன. ஆபத்து நேரத்தில் 112 என்ற எண்ணை அழைத்தால், அருகில் ரோந்தில் உள்ள 'ஹொய்சாலா' காவல் வாகனம் அனுப்பப்படும்.

பணம் பறிபோனால் முதல் மணி நேரத்தில் என்ன செய்வது?

பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால், புகார் அளிக்கும் வேகமே மீட்பைத் தீர்மானிக்கிறது. வெட்கமும் தயக்கமும் தாமதத்துக்கு முக்கியக் காரணங்கள். செய்ய வேண்டியவை வருமாறு:

* உடனடியாக 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார் பதிவானதும் பணம் சென்று சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, எஞ்சியுள்ள தொகை முடக்கப்படும். இந்த அமைப்பின் மூலம் 2025 ஜூலை நிலவரப்படி 5,489 கோடி ரூபாய்க்கும் மேல் காப்பாற்றப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்துள்ளது.

* அதே நேரத்தில் சொந்த வங்கிக்கும் தெரிவித்து, அட்டை, யு.பி.ஐ., இணையவழிச் சேவை ஆகியவற்றை முடக்க வேண்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

* பரிவர்த்தனை எண், எதிர்த்தரப்பின் கைப்பேசி எண், உரையாடல்கள், திரைப்பதிவுகள் எதையும் அழிக்கக் கூடாது.

* கைப்பேசி தொலைந்தால் சிம் கார்டை முடக்கி, காவல்துறையில் பதிவு செய்து, 'சஞ்சார் சாத்தி' தளத்தின் வழியே கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் முடக்க வேண்டும்.

இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை விடையளிக்கிறது. வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி, மூன்றாம் தரப்பு ஊடுருவலால் பணம் பறிபோய், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் அளிக்கப்பட்டால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்புக்கு உட்பட்ட இழப்பை ஏற்க வேண்டியிருக்கும். ஆனால் ரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சேரும். அச்சுறுத்தலுக்குப் பணிந்து தாமே பணம் அனுப்பியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம் என்பதே 'டிஜிட்டல் கைது' மோசடியின் மிகக் கொடிய விளைவு.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்து பெங்களூருவுக்கு நாள்தோறும் வேலைக்கு வந்து செல்வோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ளலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்ற காரணம் ஏற்கத்தக்கதன்று. மின்னணு முறையில் தகவல் அளித்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

அன்றாடச் செலவுக்கான கணக்கையும் சேமிப்புக் கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வது பயனுள்ள முதல் நடவடிக்கை. யு.பி.ஐ. செயலியுடன் சிறு தொகை உள்ள கணக்கை மட்டும் இணைத்தால், தவறு நேர்ந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும். பரிவர்த்தனை வரம்பை வங்கிச் செயலியிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

சொத்துப் பத்திரங்களில் உள்ள விரல்ரேகைகளைப் பிரதி எடுத்து, ஆதார் வழியிலான பணப் பரிவர்த்தனை முறையில் பணம் திருடிய வழக்குகள் 2023-இல் பெங்களூருவில் வெளியாகின. ஆதார் செயலியில் விரல்ரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதி உள்ளது. கட்டணமில்லாத இந்த வசதியைச் சில நிமிடங்களில் செயல்படுத்தலாம்.

முதலீடு செய்வதற்கு முன், பணம் கேட்கும் தரகர் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா எனச் சரிபார்க்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்களுக்கெனத் தனி அடையாளம் கொண்ட யு.பி.ஐ. முகவரிகளை செபி 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியுள்ளது. கடன் செயலி முறையானதா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்க்கலாம். வங்கிகளிடமிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

லீஸுக்கு வீடு எடுப்போர், இடைத்தரகர் யாராக இருந்தாலும் உரிமையாளரை நேரில் சந்திக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பார்த்து, தொகையை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது அவசியம். பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக மொத்தத் தொகையையும் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

தெருவைப் பொறுத்தவரை, சாலையோரம் நடக்கும்போது கைப்பேசியைப் போக்குவரத்து ஓடும் பக்கத்தில் பிடித்துப் பேசாமல் இருப்பது நல்லது. வாடகைக் காரில் ஏறும் முன் வண்டி எண்ணைச் செயலியில் உள்ளதுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும், பயண விவரத்தை வீட்டாருக்கு அனுப்புவதும், வெளியூர் செல்லும்போது அண்டை வீட்டாருக்கும் அருகில் உள்ள காவல் நிலையத்துக்கும் தெரிவிப்பதும் எளிய, பலனளிக்கும் வழக்கங்கள். தாக்குதல் நேர்ந்தால் பொருளை விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொள்வதே முதன்மையானது.

தனிமையே பெரிய பலவீனம்

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது என்பதும் உண்மை. வாடகைக் கணக்குகளைத் தடுப்பது வங்கிகளின் பொறுப்பு. போலிச் சிம் கார்டுகளைத் தடுப்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொறுப்பு. புகாரை மறுக்காமல் பதிவு செய்வது காவல்துறையின் பொறுப்பு. கர்நாடக அரசு 2025-இல் இணையக் குற்றங்களுக்கெனத் தனி சைபர் கட்டளைப் பிரிவை அமைத்துள்ளது. நுண்கடன் வசூலில் நடைபெறும் அத்துமீறல்களைத் தடுக்க அதே ஆண்டில் தனிச் சட்டமும் கொண்டுவந்துள்ளது.

பெக்கர் கூறிய கணக்கின்படி, குற்றம் குறைய வேண்டுமானால் குற்றவாளிக்குக் கிடைக்கும் லாபம் குறைய வேண்டும், பிடிபடும் வாய்ப்பு உயர வேண்டும், நேர்மையான வேலையின் வருமானம் மதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டும் அரசின் கையில் உள்ளன. முதலாவதில் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு.

2013-இல் ஏ.டி.எம். மையத்தில் ஷட்டர் இறக்கப்பட்டபோது, உள்ளே இருந்த பெண்ணுக்கு உதவ எவராலும் முடியவில்லை. இன்றைய மோசடிக்காரர் 'யாரிடமும் சொல்லாதே' என்ற சொல்லால் அதே ஷட்டரை இறக்குகிறார். ஆனால் இதை உள்ளிருப்பவரே திறக்க முடியும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனிடமோ, மகளிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ, 1930 என்ற எண்ணிலோ பேசினால் போதும். வீட்டில் உள்ள முதியோரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே சொல்லிவைப்பது நல்லது.